பவர் பத்திரமா, பட்டாவா? பூர்வகுடிக் குழந்தைகள் விஷயத்துல "தலைமை"ன்னு சொல்றாங்களே, அது என்ன

கொஞ்ச நாள் முன்னாடி எங்க மெல்போர்ன் தமிழ் வாட்ஸப் குரூப்ல ஒரு நியூஸ் சுத்துச்சு. ஆஸ்திரேலியாவுல குழந்தைகள் நல டிபார்ட்மெண்ட் பாத்துட்டு இருந்த பூர்வகுடிக் குழந்தைகளோட கேஸையெல்லாம் பூர்வகுடி அமைப்புகளே பாத்துக்கற மாதிரி மாத்திட்டு வராங்க, இதுக்குப் பேரு பூர்வகுடித் "தலைமை"ன்னு. அதுக்குக் கீழ வந்த பதிலைப் படிச்சுட்டுதான் இதை எழுத உக்காந்தேன். ஒருத்தர் "அப்ப அவங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா"ன்னு கேட்டாரு. இன்னொருத்தர் "கல்ச்சர்னு சொல்லி குடிக்கற வீட்டுலயே குழந்தையை விட்டுடுவாங்க"ன்னு போட்டாரு. ஒரு அக்கா, ரொம்ப நல்ல மனசு அவங்களுக்கு, "டிபார்ட்மெண்ட்ல அவங்க ஆளுங்களையும்தான் வேலைக்கு எடுத்திருக்காங்களே, இன்னும் என்ன கேக்கறாங்க"ன்னு கேட்டாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல கேக்கல. ஆனா மூணு பேர் புரிஞ்சுக்கிட்டதும் தப்பு, அதனால அடியிலேர்ந்து ஆரம்பிச்சு சொல்லிடறேன், சட்டப் படிப்பெல்லாம் தேவையில்ல.

ரெண்டு ஆபீஸ், ஒரே பசங்க

நம்ம ஊர்ல 2015ல வந்த சிறார் நீதிச் சட்டத்தைப் பாத்தீங்கன்னா பிள்ளைங்களை ரெண்டு வகையா பிரிச்சிருப்பாங்க. பாதுகாப்பு தேவைப்படற குழந்தைகள், இவங்க குழந்தைகள் நலக் குழு முன்னாடி போவாங்க. சட்டத்தோட முரண்பட்ட சிறார்கள், இவங்க இளைஞர் நீதிக் குழுமம் முன்னாடி போவாங்க, கூர்நோக்கு இல்லம்னு சொல்றோமே அது இந்தப் பக்கம். ஆஸ்திரேலியாவுலயும் இதே ரெண்டு கதவுதான். முதல் கதவு பேரு சைல்டு ப்ரொடெக்ஷன், வீட்டுல அடி, பட்டினி, கவனிப்பில்லாம விடறதுன்னு புகார் வந்தா விசாரிச்சு, தேவைப்பட்டா குழந்தையை வேற இடத்துல வளர்க்க ஏற்பாடு பண்றது. ரெண்டாவது கதவு யூத் ஜஸ்டிஸ், தப்பு பண்ணி போலீஸ்ல மாட்டின பசங்களுக்கானது.

பேப்பர்ல ரெண்டும் தனித்தனி. ஆனா பசங்க ஒரு கதவுல நுழைஞ்சு இன்னொரு கதவுல வெளிய வராங்க. எப்படின்னா, உங்க வீட்டுப் பையன் பதிமூணு வயசுல கோவத்துல கதவை ஓங்கி உதைச்சு உடைச்சுட்டான்னு வெச்சுக்குங்க, அப்பா கத்துவாரு, அம்மா அழுவாங்க, ரெண்டு நாள் யாரும் அவன்கூட பேச மாட்டாங்க, கார்ப்பென்டரைக் கூப்பிட்டு சரி பண்ணிடுவோம், கதை முடிஞ்சுது. அதே பையன் ஷிஃப்ட் போட்டு ஸ்டாஃப் வேலை பாக்கற அரசாங்க விடுதில இருந்தா? நைட் ஷிஃப்ட்ல இருக்கறவருக்கு அவனை நேத்துதான் தெரியும், என்ன பண்றதுன்னு தெரியல, போலீஸுக்கு போன் போடுவாரு. சொத்தை சேதப்படுத்தினதா கேஸ் ஆகும். அடுத்த தடவை ஜாமீன் நிபந்தனையை மீறினான்னு இன்னொரு கேஸ். கதவு ஒண்ணுதான், கோவமும் ஒண்ணுதான், ஆனா இவனுக்கு மட்டும் ரெக்கார்டு.

ஆஸ்திரேலியாவுல யூத் ஜஸ்டிஸ் கண்காணிப்புல இருக்கற பசங்கள்ல பாதிப் பேருக்கு மேல அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல சைல்டு ப்ரொடெக்ஷன் வழியா வந்தவங்கன்னு அவங்க அரசாங்கக் கணக்கே சொல்லுது. இன்னும் பின்னாடி போனா, காவல்ல நடந்த பூர்வகுடி மரணங்களை விசாரிச்ச ராயல் கமிஷன், அதாவது அரசாங்கம் போட்ட உயர்மட்ட விசாரணைக் குழு, 1991ல அறிக்கை குடுத்துச்சு. அவங்க விசாரிச்ச மரணம் 99. அதுல 43 பேர் சின்ன வயசுலயே குடும்பத்துலேர்ந்து பிரிக்கப்பட்டவங்க. இந்த ஒரு கணக்கை ஞாபகம் வெச்சுக்கங்க, ஏன் ரெண்டு விஷயத்தையும் சேத்தே பேசறாங்கன்னு புரிஞ்சுடும்.

இதுவரைக்கும் பாத்தது இவ்வளவுதான்: பாதுகாப்புன்னு ஒரு கதவு, தண்டனைன்னு ஒரு கதவு, நடுவுல ஒரு நடைபாதை, அதுல பூர்வகுடிப் பசங்க அளவுக்கு மீறி நடக்கறாங்க.

"பாதுகாப்பு"ங்கற வார்த்தைக்கே அங்க வேற அர்த்தம்

நமக்கு பாதுகாப்புன்னா நல்ல வார்த்தை. பூர்வகுடி மக்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயித்தைப் பிசையும். மெல்போர்ன் இருக்கற விக்டோரியா மாநிலத்துல 1869லயே பூர்வகுடிப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, யார் எங்க குடியிருக்கணும், எங்க வேலை பாக்கணும்னு முடிவு பண்றதுலேர்ந்து பிள்ளைங்க விஷயம் வரைக்கும் ஒரு வாரியத்து கையில போச்சு. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ்ல 1915ல சட்டத்தைத் திருத்தி, கோர்ட்டுக்கே போகாம பிள்ளைங்களை எடுத்துட்டுப் போற அதிகாரத்தை அந்த ஊர் வாரியத்துக்குக் குடுத்தாங்க. அதுக்கும் பேரு பாதுகாப்புதான். கூட்டமுண்ட்ராங்கற ஊர்ல பெண் பிள்ளைங்களுக்கு ஒரு இல்லம், வீட்டு வேலைக்காரியா அனுப்பறதுக்குப் பழக்கற இடம் அது. கின்சேலான்னு பையன்களுக்கு ஒரு இல்லம், அங்க பசங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாம நம்பர் போட்டுக் கூப்பிட்டாங்க. அம்மா வெச்ச பேரு போச்சு, நம்பர்தான்.

1910லேர்ந்து 1970 வரைக்கும் பூர்வகுடிக் குழந்தைகள்ல பத்துல ஒண்ணுக்கும் மூணுல ஒண்ணுக்கும் நடுவுல இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம்னு 1997ல வந்த தேசிய விசாரணை அறிக்கை சொல்லுது. திருடப்பட்ட தலைமுறைன்னு சொல்றது இவங்களைத்தான். 2008 பிப்ரவரி 13ஆம் தேதி பிரதமர் கெவின் ரட் பார்லிமெண்ட்ல மன்னிப்புக் கேட்டாரு.

சரி, அது பழைய கதைதானேன்னு தோணும். பழைய கதைதான் இன்னைக்கு ஒரு அம்மாவோட காதுல ஒலிச்சுக்கிட்டு இருக்கு. புருஷன் அடிக்கறான், போலீஸைக் கூப்பிட்டா சைல்டு ப்ரொடெக்ஷனும் கூட வரும், பாட்டியை எடுத்துட்டுப் போன மாதிரி என் பிள்ளையையும் எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு அவ பயந்து வாயைத் திறக்காம இருக்கா. வெளியாள் ஆபீசர் வரப்ப கதவைத் திறக்க மாட்டேங்கறா. ஆபீசர் ஃபைல்ல "ஒத்துழைக்கவில்லை"ன்னு எழுதறாரு. அந்த ஒரு வரி கோர்ட்ல அவளுக்கு எதிரா வாசிக்கப்படும். ஆபீசர் கெட்டவரே இல்லன்னாலும் இது நடக்கும், இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வரேன்.

இன்னைக்கு நிலவரம்: ஆஸ்திரேலியாவுல உள்ள குழந்தைகள்ல பூர்வகுடிக் குழந்தைகள் சுமார் 6 சதவீதம். பெத்தவங்ககிட்டேர்ந்து பிரிச்சு வேற இடத்துல வளர்க்கப்படற குழந்தைகள்ல அவங்க 40 சதவீதத்துக்கும் மேல. மத்த குழந்தையை விட பத்து மடங்குக்கும் அதிகமான வாய்ப்பு.

சித்தி, பெரியம்மா தெரிஞ்ச நமக்கு இது ஈஸியா புரியும்

இந்த இடத்துல தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. அம்மாவோட அக்காவை நாம பெரியம்மாங்கறோம், தங்கச்சியை சித்தின்னும் சின்னம்மான்னும் சொல்றோம், அதாவது அவங்களும் ஒரு வகையில அம்மாதான். அம்மாவோட அண்ணன் தம்பி மட்டும் மாமா, அது வேற வரிசை. பல பூர்வகுடி சமூகங்கள்லயும் உறவு முறை கிட்டத்தட்ட இப்படித்தான் ஓடுது, அம்மாவோட அக்கா தங்கச்சியும் அம்மா, அவங்க பிள்ளைங்க எல்லாம் கூடப்பிறந்தவங்க. திராவிட உறவு முறையையும் ஆஸ்திரேலியாவோட கரியராங்கற பூர்வகுடி மக்களோட உறவு முறையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மானுடவியல்காரங்க ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்ணிட்டு வராங்க. பெரியவங்களை ஆன்ட்டி, அங்கிள்னு மரியாதையா கூப்பிடறதும் ரெண்டு பக்கமும் இருக்கு.

இப்ப யோசிங்க, ஒரு குழந்தை ரெண்டு வாரம் சித்தி வீடு, ஒரு மாசம் பாட்டி வீடுன்னு வளருது. நமக்கு அது லீவுக்கு ஊருக்குப் போன கணக்கு. அம்மா, அப்பா, ரெண்டு பிள்ளை, தனித்தனி பெட்ரூம்னு ஒரே மாதிரிக் குடும்பத்தை மனசுல வெச்சுக்கிட்டு வர ஆபீசருக்கு அது "நிலையான வீடு இல்ல". ஒரே குழந்தை, ஒரே வாழ்க்கை, ஃபைல்ல மட்டும் தலைகீழா விழுது. 2011ல நார்வேல ஒரு இந்தியக் குடும்பத்துலேர்ந்து ரெண்டு குழந்தைகளை எடுத்துட்டுப் போனப்ப நாம எவ்வளவு கொதிச்சோம், கையால ஊட்டினதையும் பக்கத்துல படுக்க வெச்சதையும் தப்பா எடுத்துக்கிட்டாங்கன்னு பெத்தவங்க சொன்னாங்க, இந்திய அரசாங்கம் வரைக்கும் பேசி, கடைசில 2012ல அந்தக் குழந்தைங்க இந்தியாவுல சித்தப்பாகிட்ட வந்துச்சுங்க. அப்ப நமக்கு "சித்தப்பாகிட்ட குடு"ங்கறது ரொம்ப இயல்பா தோணுச்சு இல்லையா? பூர்வகுடி மக்களும் அதைத்தான் அம்பது வருஷமா கேக்கறாங்க.

அதுக்கு சட்டத்துல ஒரு பேர் இருக்கு, பூர்வகுடிக் குழந்தை இருப்பிட நெறின்னு தமிழ்ல சொல்லலாம். ஒரு குழந்தையை வீட்டுலேர்ந்து எடுத்தே ஆகணும்னா முதல்ல சொந்தக்காரங்க, அடுத்து அதே சமூகத்துக்காரங்க, அப்புறம் வேற பூர்வகுடிக் குடும்பம், எதுவுமே அமையலன்னாதான் வெளியாள் வீடு. 1970கள்ல பூர்வகுடி அமைப்புகள் போராடிக் கொண்டுவந்தது இது. மெல்போர்ன்ல மோலி டையர்ங்கற அம்மா ஆரம்பிச்ச விக்டோரியா பூர்வகுடிக் குழந்தைகள் நல அமைப்பு, வாக்கான்னு சொல்லுவாங்க, அதுல முன்னாடி நின்னுச்சு. அமெரிக்காவுல செவ்விந்தியர்னு நாம பழைய பாடப்புத்தகத்துல படிச்ச மக்கள் அதே சமயத்துல போராடி 1978ல தங்களுக்கு ஒரு குழந்தைகள் நலச் சட்டம் வாங்கினாங்க, அந்தப் போராட்டமும் இவங்களுக்கு வழிகாட்டியா இருந்துச்சு.

நிறைய பேர் இந்த நெறின்னா யார் வீட்டுல விடறதுங்கற வரிசை மட்டும்தான்னு நெனைக்கறாங்க. அது கடைசிப் பகுதி. குழந்தையை எடுக்கற நிலைமையே வராம குடும்பத்துக்கு முன்னாடியே கை குடுக்கறது, முடிவெடுக்கறப்ப குடும்பமும் சமூக அமைப்பும் கூட உக்காரறது, வெளிய வளர்ந்தாலும் சொந்தபந்தம், மொழி, ஊரோட தொடர்பு அறுந்துபோகாம பாத்துக்கறது, இது எல்லாமே அதுக்குள்ள வருது.

சட்டத்துல இருந்துச்சே, நடந்துச்சா? விக்டோரியாவுல பூர்வகுடிக் குழந்தைகளுக்கான முதல் ஆணையரா இருந்த ஆண்ட்ரூ ஜாக்கமஸ் 980 குழந்தைகளோட ஃபைலை ஒவ்வொண்ணா எடுத்து, அந்தந்த ஆபீசரை எதிர்ல உக்கார வெச்சுக் கேள்வி கேட்டாரு. 2016ல அறிக்கை வந்துச்சு. அதுல பாதிக்கு மேல குழந்தைங்க வெளியாள் வீட்டுலதான் வளர்ந்துட்டு இருந்தாங்க. நெறி ஏட்டுல இருந்துச்சு, முடிவெடுக்கற பேனா வேற கையில இருந்துச்சு.

இப்பதான் "தலைமை"

இதுதான் கட்டுரையோட மையம், கொஞ்சம் நிதானமா படிங்க.

ஒரு நிலம் இருக்கு. அதுல வீடு கட்டறாங்க. பிளானெல்லாம் போட்டு முடிச்சுட்டு "உங்க அபிப்ராயம் என்ன"ன்னு உங்களைக் கேக்கறாங்க. அது ஆலோசனை. நீங்க வேணாம்னு சொன்னாலும் வீடு எழும்பும். பத்திரிகை அடிச்ச பிறகு பெரியப்பாகிட்ட போய் "மாப்பிள்ளை புடிச்சிருக்கா"ன்னு கேக்கற மாதிரி. பூர்வகுடி ஆளுங்களை டிபார்ட்மெண்ட்ல வேலைக்கு எடுக்கறதும் பெரும்பாலும் இந்த இடத்துலயேதான் நிக்குது. நல்ல விஷயம்தான், ஆனா அந்த ஆபீசருக்கு மேல இருக்கற மேனேஜர் கையெழுத்துதான் செல்லும், விதிமுறை அதே விதிமுறை. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இது.

அடுத்தது, நிலத்துக்காரர் உங்களுக்கு பவர் எழுதிக் குடுக்கறாரு. பவர் பத்திரம் நமக்கெல்லாம் தெரியும், அவர் பண்ணவேண்டிய வேலையை அவர் சார்பா நீங்க பண்ணலாம், கையெழுத்து உங்களோடது. ஆனா நிலம் அவர் பேர்லதான் இருக்கு, நாளைக்கு ரத்தும் பண்ணலாம்.

மூணாவது, பட்டாவே உங்க பேர்ல. யாரும் குடுத்தது இல்ல, உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

விக்டோரியாவுல நடக்கறது பவர் வகை. 2005ஆம் வருஷத்துச் சட்டத்துல 18ஆவது பிரிவுன்னு ஒண்ணு. கோர்ட் ஒரு பூர்வகுடிக் குழந்தையைப் பாதுகாப்பு ஆணையில வெச்சா அந்தக் குழந்தைக்காக டிபார்ட்மெண்ட் செயலாளர் செய்யவேண்டிய முடிவுகளை, ஒரு பூர்வகுடி அமைப்போட தலைமை அதிகாரிக்கு மாத்திக் குடுக்கலாம். சட்டம் வந்தது 2005, முதல்முறையா முழுசா மாத்திக் குடுத்தது 2017ல, வாக்காவுக்கு. நடுவுல பன்னெண்டு வருஷம். அவங்க அந்தத் திட்டத்துக்கு நூகல்னு பேர் வெச்சாங்க.

மாத்திக் குடுத்தா என்ன மாறுதுன்னா, கேஸ் பாக்கறவங்க, குழந்தை எங்க தங்கணும்னு முடிவு பண்றவங்க, அம்மாவை எத்தனை தடவை பாக்கலாம்னு எழுதறவங்க எல்லாம் அந்த அமைப்புக்காரங்க. அவங்களுக்கு "இந்தப் பிள்ளையோட தாத்தா எந்த ஊரு, அந்த ஊர்ல யாரு இருக்காங்க"ன்னு விசாரிக்கத் தெரியும். ஃபைல்ல "உறவினர் யாருமில்லை"ன்னு போட்டிருக்கற குழந்தைக்கு ரெண்டு போன்ல ஒரு அத்தையைக் கண்டுபிடிக்கற வேலை அது. நம்ம ஊர்ல பொண்ணு மாப்பிள்ளை பாக்கறப்ப "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை"ன்னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல சொந்தம் கண்டுபிடிப்பாங்களே, அந்தத் திறமைதான், இங்க அது ஒரு குழந்தையோட வாழ்க்கையை முடிவு பண்ணுது.

என்ன மாறாதுன்னும் சொல்லணும். கோர்ட் அதே கோர்ட். சட்டம் அதே சட்டம். ஆபத்துன்னா குழந்தையை எடுக்கறதும் அப்படியே இருக்கு. அதனால "அவங்களுக்குத் தனிச் சட்டமா"ன்னு கேட்டவருக்கு, விக்டோரியா வரைக்கும் இல்லன்னு சொல்லிடலாம். 2023ல சட்டத்தைத் திருத்தி, புகார் வந்த உடனே நடக்கற முதல் விசாரணையையும் பூர்வகுடி அமைப்புகளே பண்ண வழி பண்ணியிருக்காங்க, இது பெரிய நகர்வு, ஏன்னா வாசல்ல வந்து கதவைத் தட்டற ஆள் யாருங்கறதுலதான் அந்த அம்மா கதவைத் திறப்பாளா மாட்டாளாங்கறது இருக்கு.

பட்டா வகை பாக்கணும்னா கனடா போகணும். அங்க 2021 சென்சஸ்படி பதினஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகள்ல பூர்வகுடி 7.7 சதவீதம், வளர்ப்புக் குடும்பத்துல இருக்கற அந்த வயசுக் குழந்தைகள்ல 53.8 சதவீதம். 2019ல ஒரு மத்தியச் சட்டம் போட்டாங்க, 2020 ஜனவரில அமலுக்கு வந்துச்சு. குழந்தைகள் நலத்துல தங்களோட சட்டத்தைத் தாங்களே போட்டுக்கற உரிமை பூர்வகுடி மக்களுக்கு உண்டுன்னு அது ஒத்துக்கிச்சு, அவங்க சட்டத்துக்கும் மாகாணச் சட்டத்துக்கும் முரண்பாடு வந்தா இவங்களோடது செல்லும்னும் சொல்லிச்சு. சஸ்காட்செவான் மாகாணத்துல இருக்கற கவ்செஸ்ங்கற பூர்வகுடிச் சமூகம் 2021 ஜூலைல முதல்ல ஒப்பந்தம் போட்டு, ரெண்டு வருஷத்துக்கு 3.87 கோடி டாலர் நிதியோட தங்களோட சொந்தச் சட்டப்படி நடத்த ஆரம்பிச்சாங்க. கியூபெக் மாகாணம் இந்தச் சட்டமே செல்லாதுன்னு வழக்குப் போட்டுச்சு, 2024 பிப்ரவரில கனடா சுப்ரீம் கோர்ட் செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

நியூசிலாந்து பத்தி ஒரு பத்தி. 1989லயே அங்க குடும்பக் கூட்டம்னு ஒண்ணை சட்டத்துல வெச்சாங்க, அங்கத்துப் பூர்வகுடியான மவோரி மக்களோட பழக்கத்துலேர்ந்து எடுத்தது. ஆபீசருங்க தகவலையெல்லாம் சொல்லிட்டு ரூமை விட்டு எழுந்து வெளிய போயிடணும், உள்ள குடும்பம் மட்டும் உக்காந்து பேசி ஒரு திட்டத்தோட வரும். இது உலகம் பூரா காப்பி அடிக்கப்பட்டுச்சு. ஆனா மவோரிக் குழந்தைகளுக்கும் மத்தவங்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கறது டிபார்ட்மெண்ட் தலைவரோட கடமைன்னு 2019ல அமலுக்கு வந்த 7ஏஏ பிரிவை 2025ல ரத்து பண்ணிட்டாங்க. பவர் ரத்தாகும்னு சொன்னேனே, இந்த மாதிரிதான், ஆட்சி மாறினா அதுவும் மாறும்.

சுருக்கமா: கருத்துக் கேக்கறது ஒண்ணு, பவர் குடுக்கறது ஒண்ணு, பட்டாவை ஒத்துக்கறது ஒண்ணு. நியூஸ்ல மூணையும் "தலைமை"ன்னே எழுதறாங்க, அங்கதான் குழப்பம்.

வட்டமேஜை கோர்ட், கட்டப் பஞ்சாயத்தா?

யூத் ஜஸ்டிஸ் பக்கம் வருவோம். பெரியவங்க உக்காந்து பையனை விசாரிக்கறாங்கன்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்களுக்கு கட்டப் பஞ்சாயத்துதான் ஞாபகம் வரும், அதோட கொடுமையெல்லாம் பாத்தவங்க நாம, பயம் நியாயமானது. இது அது இல்ல.

மெல்போர்ன்ல 2005ல குழந்தைகளுக்கான கூரி கோர்ட் தொடங்கினாங்க. கூரின்னா விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் பக்கத்துப் பூர்வகுடி மக்கள் தங்களைச் சொல்லிக்கற பேரு. உள்ள போனா உயரமான மேடை கிடையாது. நீள்வட்டமா ஒரு மேஜை. மாஜிஸ்ட்ரேட், ரெண்டு பெரியவங்க, போலீஸ் தரப்பு, பையனோட வக்கீல், அம்மாவோ பாட்டியோ, நடுவுல பையன், எல்லாரும் ஒரே மட்டத்துல. பையன் தப்பை ஒத்துக்கிட்ட, இல்லன்னா குற்றம் நிரூபணமான கேஸ் மட்டும்தான் இங்க வரும், பாலியல் குற்றம் வராது. தண்டனை என்னன்னு சொல்றது கடைசில மாஜிஸ்ட்ரேட்தான், சட்டப் புத்தகமும் அதேதான்.

அப்ப பெரியவங்க என்ன பண்றாங்க? பேசறாங்க. சாதாரண கோர்ட்ல பையன் வாயே திறக்க வேண்டாம், வக்கீல் பேசுவாரு, பையன் தரையைப் பாத்துட்டு நின்னுட்டு வெளிய போயிடுவான். இங்க எதிர்ல உக்காந்திருக்கற ஆன்ட்டிக்கு அவனோட பாட்டியைத் தெரியும். "உங்க பாட்டியும் நானும் ஒண்ணா வளர்ந்தவங்க, நீ என்ன பண்ணிட்டு வந்திருக்க"ன்னு அவங்க கேட்டா அவன் தலை நிமிர்ந்து பதில் சொல்லியாகணும். மாஜிஸ்ட்ரேட் திட்டினா காதுல ஏறாத பையனுக்கு இது உள்ள இறங்கும். நிறைய பேர் இதை லேசான கோர்ட்னு நெனைக்கறாங்க, அங்க போன பசங்களுக்குத்தான் தெரியும் எது கஷ்டம்னு.

ஆனா தலைமைங்கற கணக்குல பாத்தா இது பாதிதான். கைது பண்ணலாமா, ஜாமீன் குடுக்கலாமாங்கற முடிவெல்லாம் அந்த மேஜைக்கு வர முன்னாடியே முடிஞ்சு போயிருக்கும்.

பர்க் ஊரும் 120 மணி நேரமும்

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இது. சிட்னிலேர்ந்து கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் உள்ள தள்ளி, டார்லிங் ஆத்தங்கரைல பர்க்னு ஒரு சின்ன ஊர். அங்க நெறைய இளவட்டங்க கோர்ட்டுக்கு வந்த காரணம் என்ன தெரியுமா, லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டினது.

நியூ சவுத் வேல்ஸ்ல சின்னப் பசங்க லைசென்ஸ் எடுக்கணும்னா லைசென்ஸ் உள்ள ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சு 120 மணி நேரம் ஓட்டி நோட்ல எழுதணும். வீட்டுல காரே இல்ல, இருந்தாலும் லைசென்ஸ் உள்ள பெரியவங்க இல்ல, சில பேருக்கு பர்த் சர்டிஃபிகேட்டே பதிவாகல, அவன் எங்க போவான்? பஸ் கிடையாது, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், ஓட்டுவான். அபராதம் விழும், கட்ட முடியாது, திரும்ப மாட்டுவான், படிப்படியா ஜெயில் வாசல் வந்துடும். இதுக்கு ஜெயில் கட்டறது தீர்வா, காரும் ஒரு டிரைவிங் டீச்சரும் குடுக்கறது தீர்வா?

ஊர்க்காரரான அலிஸ்டர் ஃபெர்குசனும் அந்த ஊர் பூர்வகுடிப் பெரியவங்களும் சேர்ந்து மாராங்குக்கான்னு ஒரு முயற்சி ஆரம்பிச்சாங்க, ஙெம்பாங்கற பூர்வகுடி மொழில மத்தவங்களைப் பேணறதுன்னு அர்த்தம். நீதி மறுமுதலீடுன்னு சொல்ற கொள்கைதான் அடிப்படை, அதாவது ஜெயிலுக்குப் போற பணத்தை ஜெயிலுக்குப் போகாம இருக்கறதுக்குச் செலவு பண்றது. டிரைவிங் கத்துக் குடுத்தாங்க. காலைல போலீஸ், ஸ்கூல், மத்த சேவைக்காரங்க எல்லாம் ஊர்க்காரங்களோட உக்காந்து நேத்து ராத்திரி என்ன நடந்துச்சு, எந்த வீட்டுக்கு இன்னைக்கு யார் போகணும்னு பேசற பழக்கத்தைக் கொண்டுவந்தாங்க. கவனிங்க, கூட்டத்தைக் கூட்டறது ஊர்க்காரங்க, போலீஸ் அங்க வருது.

கேபிஎம்ஜிங்கற ஆடிட் கம்பெனி 2018ல கணக்கெடுத்துச்சு. 2016ஐயும் 2017ஐயும் ஒப்பிட்டா, போலீஸ்ல பதிவான குடும்ப வன்முறை 23 சதவீதம் குறைஞ்சிருக்கு, சிறார்கள் மேல வழக்கமா போடற முக்கியமான அஞ்சு வகைக் குற்றச்சாட்டு 38 சதவீதம் குறைஞ்சிருக்கு, பன்னெண்டாவது வரைக்கும் படிப்பைத் தொடர்ற பசங்க 31 சதவீதம் கூடியிருக்காங்க, 2017ல மட்டும் 31 லட்சம் டாலர் மிச்சம். ஆஸ்திரேலியாவுல ஒரு பையனை ஒரு நாள் உள்ள வெச்சிருக்க 2500 டாலருக்கு மேல ஆகுது, அந்தப் பணத்துல எத்தனை டிரைவிங் கிளாஸ் நடத்தலாம்னு நீங்களே கணக்குப் போடுங்க.

"கல்ச்சருக்காகக் குழந்தையை ஆபத்துல விடுவாங்களா?"

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக்கூடாது. ஆபத்து நெஜம். 980 ஃபைலைப் பாத்த அதே விசாரணை, பெரும்பாலான குழந்தைங்க வீட்டுல குடும்ப வன்முறை இருந்துச்சுன்னு வெளிப்படையா எழுதிச்சு, எழுதினவரே பூர்வகுடிதான். யாரும் மூடி மறைக்கல. பூர்வகுடி அமைப்புக்காரங்களும் குழந்தையை வீட்டுலேர்ந்து எடுக்கறாங்க. ஆனா எடுத்து எங்க விடறாங்க, அம்மாவை எப்படித் தேத்தறாங்க, கூடப்பிறந்ததுங்களை ஒண்ணா வைக்கறாங்களா, திரும்ப வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு முட்டி மோதறாங்க, வித்தியாசம் அதுல இருக்கு.

வேலை முடிஞ்சுடுச்சான்னா இல்ல. 2020ல எல்லா அரசாங்கமும் கையெழுத்துப் போட்ட தேசிய ஒப்பந்தத்துல, வெளிய வளர்க்கப்படற பூர்வகுடிக் குழந்தைகளோட அதிகப்படியான விகிதத்தை 2031க்குள்ள 45 சதவீதமும், பத்துலேர்ந்து பதினேழு வயசுப் பசங்க அடைபடற விகிதத்தை 30 சதவீதமாவதும் குறைக்கணும்னு வெச்சாங்க, முதல் இலக்கு பாதையிலயே இல்ல. ஆஸ்திரேலியாவோட வடக்குல இருக்கற நார்தர்ன் டெரிட்டரில, காவல்ல இருந்த ஒரு பையனை நாற்காலில கட்டி, முகத்தைத் துணியால மூடி வெச்சிருந்த படம் 2016ல டிவில வந்து நாடே அதிர்ந்து போச்சு, ராயல் கமிஷன் போட்டாங்க, குற்றப் பொறுப்பு வயசை பத்துலேர்ந்து பன்னெண்டுக்கு 2023ல உயர்த்தினாங்க. குற்றப் பொறுப்பு வயசுன்னா எந்த வயசுலேர்ந்து ஒரு குழந்தை மேல கிரிமினல் கேஸ் போடலாம்ங்கற எல்லை. 2024 அக்டோபர்ல புது அரசாங்கம் வந்து அதைத் திரும்ப பத்தாக்கிடுச்சு. அஞ்சாங்கிளாஸ் படிக்கற பிள்ளை. எனக்கு இதை எழுதறப்பவே மனசு கனக்குது.

அக்கா கேட்ட கடைசிக் கேள்வி

குரூப்ல அந்த அக்கா அப்புறம் தனியா மெசேஜ் பண்ணாங்க. "நானும் உங்க அண்ணனும் வளர்ப்புப் பெற்றோரா பதிவு பண்ணலாம்னு இருக்கோம், எங்களுக்குப் பூர்வகுடிக் குழந்தை வந்தா நாங்க என்ன பண்ணணும்?"னு.

வரலாம் அக்கா, வரிசைல கடைசியா இருந்தாலும் அவசரத்துக்கு வரும். வந்தா அந்தக் குழந்தைக்குக் கலாசாரத் திட்டம்னு ஒண்ணு எழுதப்பட்டிருக்கணும், விக்டோரியாவுல அது கட்டாயம், எந்த மக்கள், எந்த ஊரு, யார் யார் சொந்தம், எப்ப எப்பப் பாக்கணும்னு அதுல இருக்கும். முதல் நாளே அதைக் கேளுங்க. இல்லன்னா விடாம கேட்டுக்கிட்டே இருங்க. அண்ணன் தங்கச்சி வேற வீட்டுல இருந்தா அவங்க அட்ரஸ் கேளுங்க, ஞாயித்துக்கிழமை வண்டியெடுத்துக் கூட்டிட்டுப் போங்க. நீங்க கையால ஊட்டுங்க, பக்கத்துல படுக்க வைங்க, சாம்பார் சாதம் குடுங்க, அதெல்லாம் ஒண்ணும் தப்பில்ல. என்னைக்காவது ஒரு ஆன்ட்டி வந்து "இவ எங்க பிள்ளை, கூட்டிட்டுப் போறோம்"னு முறைப்படி பேப்பரோட வந்து நின்னா, அவளோட துணிமணி, பொம்மை, நீங்க எடுத்த போட்டோ எல்லாத்தையும் ஒரு நல்ல பெட்டில போட்டு, குப்பைப் பையில போட்டுக் குடுத்துடாதீங்க, பெட்டில போட்டு, உங்க போன் நம்பரையும் எழுதி வெச்சு அனுப்புங்க.